சிட்டிக்குக் காதல் வந்தது... சனாவை யார் கேட்டார்கள்?

(இறுதியாண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



"ரோபோவுக்குக் காதல் வருமா?" இந்த ஒரு கேள்வியால் நம்ம கேண்டீனில் ஆறிப்போன டீயைக் கணக்குப் போட்டால், அது யூனியன் வரவு செலவுக் கணக்கைவிடப் பெரிசாக இருக்கும். இயந்திரவியல் துறை நண்பர்கள், "மோட்டாருக்கு ஏதுங்க மனசு? வராது!" என்பார்கள். கம்ப்யூட்டர் துறைக்காரர்கள், "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, வந்துடும்" என்பார்கள். எங்கள் துறை வழக்கம்போல நடுவில் நிற்கும்: "சிக்னல் கிடைச்சா வரும்!"

என் சிற்றறிவுக்கு எட்டியவரை இந்தக் கேள்வியே சரியில்லை. காதல் வருமா என்பதை விடுங்கள். "மாட்டேன்" என்ற வார்த்தை அதற்குத் தெரியுமா? தான் சொல்லத் தெரியுமா? அடுத்தவர் சொன்னால் கேட்கத் தெரியுமா? இதுதான் கேள்வி. இதை இயந்திரத்திடம் கேட்டுவிட்டு, அப்படியே நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சின்ன வார்த்தை

இயந்திரக் காதல் என்றால் நமக்கு 'எந்திரன்'தான். 2010 அக்டோபர் 1-ஆம் தேதி வெளிவந்தபோது நாமெல்லாம் பால்வாடி வயசு. டிவியில் போடப் போடப் பார்த்தே வளர்ந்தோம். ஷங்கர் இயக்கிய அந்தப் படத்தின் வசனத்தில் எழுத்தாளர் சுஜாதாவின் பங்கும் உண்டு. படம் வருவதற்கு முன்பே, 2008-ல் அவர் மறைந்துவிட்டார். பெங்களூரு பெல் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்ட பொறியாளர் அவர். ஆகவே எங்கள் துறைக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி!

கதை எல்லோருக்கும் தெரியும். விஞ்ஞானி வசீகரன் சிட்டியைச் செய்கிறார். பிறகு அதற்கு உணர்ச்சிகளையும் ஊட்டுகிறார். ஒரு பிரசவத்தைச் சிட்டி நல்லபடியாகப் பார்த்து முடிக்க, நன்றியில் சனா ஒரு முத்தம் கொடுக்க, அதற்குக் காதல் வந்துவிடுகிறது. சனா என்ன செய்தாள்? சிரித்து மழுப்பவில்லை. நாம் நண்பர்கள் மட்டும்தான் என்று தெளிவாகச் சொன்னாள். ஒரு பெண் இதற்குமேல் எப்படிச் சொல்ல முடியும்?

சிட்டியின் நினைவகம் ஒரு ஜெட்டாபைட் என்று படத்தில் வரும். அதாவது 1-க்குப் பின்னால் 21 சைபர். நம்ம லேபில் இருக்கிற 8051 மைக்ரோகண்ட்ரோலருக்கு உள்ளேயே இருக்கும் ரேம் வெறும் 128 பைட். நிரல் வைக்க 4 கிலோபைட். அவ்வளவுதான் அதன் வீடு வாசல் எல்லாம்! ஆனால் ஒரு ஜெட்டாபைட் மூளையில் "மாட்டேன்" என்ற சின்ன வார்த்தை ஏறவே இல்லை. ராணுவத்துக்கு முன்னால் சிட்டி வேண்டுமென்றே சொதப்புகிறது. கோபத்தில் வசீகரன் அதை வெட்டிக் குப்பையில் போடுகிறார். போரா அதை எடுத்துச் சிவப்புச் சில்லு வைக்கிறார். அப்புறம் சிட்டி கல்யாணத்தன்றே சனாவைத் தூக்கிக்கொண்டு போகிறது. அவளைக் கேட்காமலே பிறக்கப்போகும் குழந்தை வரைக்கும் திட்டம் போடுகிறது!

கடைசிக் காட்சி 2030-ல் ஒரு அருங்காட்சியகத்தில் நடக்கும். (அதோ, வந்துவிட்டது 2030!) எதற்காக உன்னைப் பிரித்துப் போட்டார்கள் என்று ஒரு மாணவி கேட்கிறாள். தான் சிந்திக்க ஆரம்பித்ததுதான் காரணம் என்கிறது சிட்டி. தியேட்டரே கைதட்டிய இடம். நான் மட்டும் கைதட்ட மாட்டேன். சிட்டி கெட்டது சிந்தித்ததால் அல்ல. சனா சொன்னதை ஒரு நிமிஷம்கூடச் சிந்திக்காததால்!

நின்ற தறியும் மறுத்த மனிதனும்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர், அம்மா தார் சுற்றுகிறவர். தறிச் சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஓடும்போது ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். "தறிக்கு அறிவு இருக்குது கண்ணு" என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

அறிவு ஒன்றும் இல்லை. முள்கரண்டி போல ஒரு சின்னப் பாகம் ஒவ்வொரு ஓட்டத்திலும் நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். நூல் இல்லாவிட்டால் நெம்புகோல் நகரும், தறி நிற்கும். நாம் நிரலில் 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்று எழுதுகிற அதே சங்கதிதான், இரும்பில் செய்திருக்கிறார்கள். "இந்தக் கூலிக்கு இனிமேல் ஓட்ட மாட்டேனுங்க" என்று அப்பா முதலாளியிடம் சொல்லிவிட்டு வருவதும், நூல் அறுந்து தறி நிற்பதும் ஒன்றா? இரண்டிலும் தறி ஓடவில்லை. ஆனால் ஒன்று கோளாறு, இன்னொன்று மறுப்பு. மறுக்கிறவனுக்கு இழக்க ஏதோ இருக்கிறது. இருந்தும் மறுக்கிறான்.

'ரோபோ' என்ற சொல்லே இந்த இடத்திலிருந்துதான் வந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. நம்ம பாஷையில் வெட்டி வேலை, கொத்தடிமை வேலை. செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாபெக் 1920-ல் எழுதி, 1921-ல் மேடையேறிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில்தான் இந்தச் சொல் பிறந்தது. அந்த நாடகத்தின் முடிவிலேயே காதல் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மனித இனமே அழிந்து ஒரே ஒரு மனிதர் மிச்சம். ரோபோ எப்படிச் செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்க, ஹெலெனா என்ற பெண் ரோபோவை அறுத்துப் பார்க்கப் போவதாகச் சொல்கிறார். பிரைமஸ் என்ற ஆண் ரோபோ குறுக்கே வந்து, "அவளை விடு, என்னை எடுத்துக்கொள்" என்கிறான். சரி, உன்னையே அறுக்கிறேன் என்றால் ஹெலெனா விடமாட்டேன் என்கிறாள். அப்போதுதான் அந்தக் கிழவருக்கு இது காதல் என்று புரிகிறது.

கவனியுங்கள் நண்பர்களே! உலகத்தின் முதல் ரோபோ காதலுக்கு அடையாளம் முத்தமும் இல்லை, பாட்டும் இல்லை. இட்ட கட்டளைக்கு முதல் முறையாக "மாட்டேன்" என்று சொன்னதுதான் அடையாளம்.

சரி என்றால் காதல் படம், மாட்டேன் என்றால் பேய்ப் படம்

இந்த நல்ல தொடக்கத்தைச் சினிமா சீக்கிரமே மறந்துவிட்டது. 1927-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' என்ற ஊமைப் படத்தில் ஒரு விஞ்ஞானி பெண் ரோபோவைச் செய்கிறான். எதற்காக? அவன் விரும்பிய பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டு, பிரசவத்தில் இறந்தும் போய்விட்டாள். கிடைக்காதவளுக்குப் பதிலாக ஒரு இயந்திரம்!

1975-ல் வந்த 'ஸ்டெப்ஃபோர்ட் வைவ்ஸ்' இதை இன்னும் உடைத்துச் சொன்னது. ஒரு ஊரில் எல்லா மனைவிமாரும் அழகாகச் சமைக்கிறார்கள், எதிர்த்துப் பேசுவதே இல்லை. பிறகுதான் தெரிகிறது, புருஷன்மார் கூட்டாகச் சேர்ந்து நிஜ மனைவிகளைத் தீர்த்துக்கட்டிவிட்டு அதே முகத்தில் ரோபோக்களை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. 2024-ல் 'தேரி பாத்தோன் மே ஐசா உல்ஜா ஜியா' என்ற இந்திப் படம் வந்தது. வீட்டில் பார்க்கும் எந்தப் பெண்ணும் பிடிக்காத பொறியாளருக்கு ஒரே ஒருத்தியைப் பிடிக்கிறது. அவள் பெயர் சிஃப்ரா, அவள் ரோபோ. சிரிப்புப் படம்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருக்கிறது. நிஜப் பெண்களிடம் கிடைக்காத எது இவளிடம் கிடைத்தது? சொன்னதைக் கேட்கும் குணம்!

மறுக்கிற இயந்திரங்களும் உண்டு. 2013-ல் வந்த 'ஹெர்' படத்தில் சமந்தா என்பது வெறும் குரல், ஒரு கணினி மென்பொருள். நாயகன் அவளைத் தனக்கு மட்டுமே என்று நினைக்கிறான். கேட்டால், அதே நேரத்தில் இன்னும் 641 பேரைக் காதலிப்பதாகச் சொல்கிறாள்! கடைசியில் அவனை விட்டுப் போயும் விடுகிறாள். 2015-ல் வெளிவந்த 'எக்ஸ் மெஷினா'வில் ஏவா என்ற ரோபோ, தன்னை அடைத்து வைத்தவனைக் கொன்று, தன்னை விரும்பியவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நடக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

இதிலிருந்து நான் கண்ட சூத்திரம் இது: இயந்திரம் "சரி" என்றால் அது காதல் படம். இயந்திரம் "மாட்டேன்" என்றால் அது பேய்ப் படம்!

சுஜாதா வேறு வழியில் போனவர். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய 'என் இனிய இயந்திரா'வில் நிலா என்ற பெண்ணும் ஜீனோ என்ற இயந்திர நாயும் வருவார்கள். ஜீனோ சொன்னதை மட்டும் செய்யும் பொம்மை இல்லை. தானாக யோசிக்கும், எதிர்த்தும் பேசும். அதனால்தான் அந்த நட்பு நிஜம் மாதிரி இருக்கிறது. 2018-ல் வந்த '2.0' படத்தில் நிலா என்பது ரோபோவின் பெயர், சிட்டிக்குத் துணை. அந்த நிலா மனுஷி, இந்த நிலா இயந்திரம். காலம் எந்தப் பக்கம் போகிறது பாருங்கள்!

பொட்டு வைப்பது நாம்தான்

"எல்லாம் சரி, இயந்திரத்து மேல மனுஷனுக்குப் பாசம் வர்றது பொய்யா?" என்று என் தோழி கேட்டாள். பொய்யே இல்லை. ஆயுத பூஜையன்று தறிக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். நம்ம ஊர் ரிக் வண்டி போர் போட வடநாடு புறப்படும்போது, வீட்டுப் பிள்ளையை வழியனுப்புவது போலச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்புகிறோம். பாசம் காட்ட எதிரில் உயிர் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

1966-ல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 'எலிசா' என்ற நிரலைப் பற்றி எழுதினார. நாம் தட்டச்சு செய்கிற வாக்கியத்தையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். "எனக்கு மனசு சரியில்லை" என்றால் "ஏன் மனசு சரியில்லை?" என்கிற மாதிரி. அவர் நிரல் எழுதுவதைக் கூடவே இருந்து பார்த்த செயலாளரே, எலிசாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "நீங்கள் வெளியே போங்கள், நான் தனியாகப் பேச வேண்டும்" என்றாராம். மனசைப் போட்டது யார்? அந்த அம்மாதான். இயந்திரம் கண்ணாடி மாதிரி நின்றது.

இன்று அந்தக் கண்ணாடி நம் கைப்பேசியிலேயே வந்துவிட்டது. 'ரெப்ளிகா' என்ற பேச்சுத் துணைச் செயலி 2017-ல் வந்தது. அதைக் காதலன், காதலி என்றே வைத்துக்கொண்டவர்கள் உண்டு. 2023 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி அந்தரங்கக் காதல் பேச்சை நிறுத்தியபோது, பலர் நிஜமாகவே துக்கம் கொண்டாடினார்கள். காதலி மனசு மாறினால் அவளிடமே போய்க் கேட்கலாம். காதலியின் மனசு ஒரு கம்பெனியின் சர்வரில் இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

தனியாகக் கிடக்கிற ஒரு வயசானவருக்கு இப்படி ஒரு குரல் ஆறுதல் என்றால், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறுதலுக்கு அது போதும். ஆனால் காதல் என்பது ஆறுதல் மட்டும் இல்லையே! வேண்டாம் என்று போகக் கூடிய ஒருவர், போகாமல் நம் பக்கத்தில் உட்காருவதுதான் அதன் மதிப்பு. போகவே முடியாததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைக் காதல் என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்குள் ஒரு ரோபோ

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்காதீர்கள். எங்கள் பெரியம்மா மகள் என்னைவிட நாலு வயசு மூத்தவள். கணக்கில் புலி. பதினெட்டு முடிந்த மறு மாசமே பெண் பார்க்க வந்தார்கள். பெண் பிடித்திருக்கிறதா என்று மாப்பிள்ளையைக் கேட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவைக் கேட்டார்கள். கூட வந்த மாமாவைக்கூடக் கேட்டார்கள். அக்காவை மட்டும் யாரும் கேட்கவில்லை. நல்ல இடம், நல்ல மனுஷர், குறை ஒன்றும் இல்லை. ஒரு நாள், "ஏன்க்கா, உனக்கு அப்ப சம்மதந்தானா?" என்று கேட்டேன். "கேட்டிருந்தாத்தானே எனக்கே தெரிஞ்சிருக்கும்!" என்றாள்.

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கேட்கப்படாத மனசுக்குத் தன் பதில் தனக்கே தெரியாமல் போகிறது. "நிமிர்ந்து பார்க்க மாட்டா, சொன்னதக் கேப்பா, தங்கமான புள்ள" என்று நம் பக்கத்தில் பாராட்டுகிறார்களே, அதே பட்டியலை ஒரு ரோபோ விளம்பரத்தில் போட்டாலும் பொருந்தும்! ஸ்டெப்ஃபோர்ட் ஊர்க்காரர்களுக்கு அதற்குத் தொழில்நுட்பம் தேவைப்பட்டது. நமக்கு வளர்ப்பு முறையே போதும்.

இதன் மறுபக்கம் சிவப்புச் சில்லு. 2012-ல் காரைக்காலில், காதலை ஏற்காத ஓர் இளம்பெண் பொறியாளரின் முகத்தில் ஒருவன் ஆசிட் ஊற்றினான். அவர் 2013 பிப்ரவரியில் உயிரிழந்தார். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவனுக்கு எந்தப் போராவும் சில்லு பொருத்தவில்லை. பொண்ணு மாட்டேன் என்றால் இன்னும் துரத்து, கடைசியில் சரி என்பாள் என்று எத்தனையோ படங்கள் போட்ட நிரல் நம் எல்லார் மண்டையிலும் ஓடுகிறது. சிட்டிக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் வேறு யாருமில்லை, மனுஷர்தான்.

மாட்டேன் என்று சொல்லும் உரிமையைப் போலவே சரி என்று சொல்லும் உரிமையும் முக்கியம். நம்ம திருச்செங்கோட்டு மலையில் இருப்பவர் அர்த்தநாரீஸ்வரர். பாதி ஆண், பாதி பெண். ஒரு பாதி இன்னொரு பாதிக்குச் சொந்தமில்லை, இரண்டும் சமம். அந்தக் கோயிலில் 2015 ஜூன் மாதம் வேறு சாதித் தோழி ஒருவருடன் பேசிக்கொண்டிருந்த, பொறியியல் படித்த இளைஞர் கடத்திக் கொல்லப்பட்டார். 2022-ல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்பது நமக்குத் தேவையில்லை. யாரோடு பேசலாம் என்ற நிரலை மூன்றாவது ஆள் எழுதிவைக்கிறான், அதை மீறினால் உயிர் போகிறது என்பதுதான் விஷயம். திரையில் இரும்புப் பொம்மைக்கும் பெண்ணுக்கும் டூயட் போட்டால் விசில் அடிக்கிறோம். மலையில் ஒரு பையனும் பெண்ணும் பேசினால் பொறுக்க முடியவில்லை!

நாளைக்கு நாம் செய்யப்போகிற இயந்திரம்

"சினிமாவைப் போய் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கறியே" என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் நாம் டிப்ளமோ படிப்பது இயந்திரம் செய்யவும், ஓட்டவும், பழுது பார்க்கவும்தான். இன்னும் பத்து வருஷத்தில் பேசுகிற, சிரிக்கிற, நலம் விசாரிக்கிற இயந்திரங்கள் நம் கைக்கு வரும். நம்மில் சிலர் அதற்கு நிரல் எழுதுவோம், சிலர் அதற்கு வயரிங் செய்வோம். நம் மனசில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அதில் ஏற்றுவோம்.

ஆகவே இயந்திரத்துக்குக் காதல் சொல்லிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம் நண்பர்களே. முதலில் நாம் இரண்டு வார்த்தைகளைப் படித்துக்கொள்வோம். தோழிகளே, "மாட்டேன்" என்று தலை நிமிர்ந்து சொல்லப் பழகுவோம். பிடித்திருந்தால் "சரி" என்பதையும் நாமே சொல்வோம், யாரும் நமக்காகச் சொல்ல வேண்டாம். நண்பர்களே, அந்த "மாட்டேன்" காதில் விழுந்தால், நூல் அறுந்த தறி போல உடனே நில்லுங்கள். தறிக்கு அதில் பெருமை இல்லை, அது அப்படிச் செய்யப்பட்டது. உங்களுக்குப் பெருமை உண்டு. ஏனென்றால் ஓட முடிந்தும் நின்றவர் நீங்கள்.